ஒருபக்க வயர் ஹெட்போனில் கழற்றி மாட்டும் ஜாக்: எடிட்டிங் கடை ஹெட்போன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது காதை முழுக்க மூடும் வகை ஸ்டூடியோ ஹெட்போன். 40 மி.மீ. டிரைவர் (கப்புக்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), 32 ஓம், இடது கப்பில் மட்டும் நுழையும் 3 மீட்டர் நேர் வயர். மதுரை சிம்மக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை மாட்டியே இருக்கும் பொருள். முகூர்த்த மாதங்களில் ஓய்வே கிடையாது. சக்கரம் வைத்த ஆபீஸ் சேர் வயர்மேல் ஏறி இறங்கும். தலையில் மாட்டியிருப்பதை மறந்து எழுந்துபோகிறவர் வயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். டிரைவர், குஷன், தலைப்பட்டை எல்லாம் நன்றாக இருக்க, வயர் மட்டும் முதலில் போவதற்கு இது போதும்.

பழுது இதுதான்: வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் இடது பக்கம் கேட்கும், கையை விட்டால் போய்விடும். முன்பே ஒரு தடவை வயரின் மறுமுனையை, அதாவது கருவியில் செருகும் பின் இருக்கும் முனையை, வெட்டிப் புது பின் போட்டிருந்தார்கள். இந்த முறை கோளாறு கப் பக்கம். அங்கே வெட்டி மறுபடி ஒட்டினால், கம்பெனி வார்த்துக் கொடுத்த ரப்பர் கழுத்து போய்விடும். உள்ளே முடிச்சுப் போட்டு நிறுத்தினாலும், வயர் துளையின் விளிம்பிலேயே மடங்கி மடங்கிச் சீக்கிரம் மறுபடி அறும். ஆகவே கப்பிலேயே 3.5 மி.மீ. ஃபீமேல் ஜாக் (பின் செருகும் துளை) ஒன்றைப் பொருத்தி, வயரைத் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் பொருளாக்குவது என்று முடிவானது. பெரிய கம்பெனிகளும் இந்தப் பக்கம்தான் வந்தன. ஆடியோ டெக்னிகாவின் எம்50 நிரந்தர வயரோடு வந்தது. 2014-ல் வந்த எம்50எக்ஸ் கழற்றி மாட்டும் வயருக்கு மாறியது. 1991-ல் வந்த சோனி எம்டிஆர்-7506-க்கு நிரந்தரச் சுருள் வயர்தான். அதைத் திறந்து ஜாக் வைப்பது பல ஊர்களிலும் நடக்கிற வேலை.

கையை வைக்கும் முன் மீட்டர்

கப்பைத் திறப்பதற்கு முன் மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்துப் பின்னிலேயே அளக்க வேண்டும். 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்டு, அதாவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கம்பி. நல்ல நிலையில் உள்ள 32 ஓம் ஹெட்போனில் நுனிக்கும் அடிக்கும் இடையே 32-ஐ ஒட்டி ஒரு அளவு வரும். வளையத்துக்கும் அடிக்கும் அதே அளவு. நுனிக்கும் வளையத்துக்கும் இரண்டும் சேர்ந்து 64-ஐ ஒட்டி வரும். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இவைதான் வழி காட்டும்.

இந்த ஹெட்போனில் வலது பக்கம் அசையாமல் நின்றது. இடது பக்கம், கப்புக்குக் கீழே ரப்பர் கழுத்து முடியும் இடத்தில் வயரை மடித்தபோதெல்லாம் மீட்டர் திறந்த சர்க்யூட், அதாவது தொடர்பு அறுந்தது என்று காட்டியது. கழுத்தைத் தாண்டிய பகுதியை எவ்வளவு முறுக்கினாலும் மாற்றம் இல்லை. பழுது அந்த ஓரிரு செ.மீ.க்குள்தான்.

இன்னொரு சோதனையை விட்டுவிடக் கூடாது. தலைப்பட்டையை முழுக்க நீட்டி, சுருக்கி, இரண்டு கப்பையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒருபக்க வயர் ஹெட்போனில் வலது டிரைவருக்குப் போகும் கம்பி தலைப்பட்டைக்குள்தான் ஓடுகிறது. அது அறுந்திருந்தால் ஜாக் வைத்தும் பயனில்லை. அது வேறு வேலை.

கிரவுண்டு மட்டும் அறுந்தால் வரும் அறிகுறி விசித்திரமாக இருக்கும். இரண்டு காதிலும் சத்தம் வரும், ஆனால் பாடுகிறவர் குரல் தேய்ந்துபோய், ஓரத்து வாத்தியங்கள் மட்டும் குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். இடது, வலது டிரைவர்கள் தொடராக இணைந்து, இரண்டு சேனலின் வித்தியாசத்தை மட்டும் வாசிப்பதுதான் காரணம். டிரைவர் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடப்படும் ஹெட்போன்களில் பல இந்த வகைதான்.

எந்த ஜாக்

டவுன்ஹால் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 3.5 மி.மீ. ஜாக் கேட்டால் பல விதம் எடுத்துப் போடுவார்கள். போர்டில் ஈயம் வைக்கிற பிளாஸ்டிக் ஜாக் வேண்டாம். அதைக் கப்பில் பசையால்தான் நிறுத்த முடியும். பின்னைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் அந்தப் பசை முழு பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். மரையுள்ள கழுத்தும் நட்டும் கொண்ட பேனல் ஜாக்தான் சரி. கழுத்தின் விட்டம் பொதுவாக 6 மி.மீ. மரையின் நீளம், கப் சுவரின் தடிமனைவிட 2 மி.மீ.யாவது கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் நட்டு பிடிக்காது. இந்தக் கப்பின் சுவர் 2.5 மி.மீ. இருந்ததால் சிக்கல் வரவில்லை. சுவர் தடிமனாக இருந்தால் உட்பக்கம் நட்டளவுக்குக் கொஞ்சம் சுரண்டி மெலிதாக்கலாம்.

காலின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குங்கள். மூன்று கால் உள்ளது நேரடியானது. ஐந்து கால் உள்ளதில் இரண்டு கால்கள் உள் ஸ்விட்சுக்கானவை: பின் இல்லாதபோது அவை நுனி, வளையத் தொடர்புகளோடு ஒட்டியிருக்கும், பின் நுழைந்ததும் விலகிவிடும். தெரியாமல் அந்தக் காலில் ஈயம் வைத்தால், பின் போடாமல் மீட்டர் வைக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். வயரைச் செருகினால் சத்தமே வராது. எப்போதும் ஒரு பின்னைச் செருகி வைத்துக்கொண்டுதான் காலை அடையாளம் காண வேண்டும்.

பின்பக்கம் மூடிய ஜாக் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுப்பது நல்லது. காரணம் கீழே வருகிறது.

2.5 மி.மீ. ஜாக் இடம் குறைவான கப்புக்கு உதவும், ஆனால் மாற்று வயர் தேடி அலைய வேண்டும். மினி எக்ஸ்எல்ஆர் என்ற இணைப்பு வகை உறுதியானது, பூட்டிக்கொள்ளும். அதற்குத் துளை மிகப் பெரிதாக வேண்டும். காதுக்குள் செருகும் இயர்போன்களில் வரும் எம்எம்சிஎக்ஸ் என்ற குட்டி இணைப்பு, அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கு ஆனதல்ல. மீனாட்சி பஜாரில் கைக்குக் கிடைக்கும் இரு முனையிலும் 3.5 பின் உள்ள சாதாரண ஆக்ஸ் வயரையே மாற்று வயராகப் போட முடிவது 3.5-ன் பெரிய பலம்.

இடம் பார்ப்பது

ஈயம் வைப்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. ஜாக் எங்கே உட்காருகிறது, எதைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டத்துக்கு அவசரமே கூடாது.

குஷனைக் கழற்றினால் டிரைவர் தட்டைப் பிடித்திருக்கும் நான்கு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ தெரியும். அவற்றை எடுத்துவிட்டுத் தட்டை மெதுவாகத் தூக்க வேண்டும். கம்பிகள் குட்டையாக இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் டிரைவர் முனையிலேயே பிய்ந்து வரும். உள்ளே இருக்கும் நிலையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு பிறகு எதையும் தொடுங்கள். இந்தக் கப்பில் ஒரு சின்ன போர்டு இருந்தது. வயரின் மூன்று கம்பிகளும் அதில் வந்து சேர, அங்கிருந்து இடது டிரைவருக்கும் தலைப்பட்டை வழியாக வலது டிரைவருக்கும் கம்பி பிரிந்தது. போர்டு இருந்தால் பாதி பாரம் குறைந்தது. டிரைவரைத் தொடவே வேண்டியதில்லை.

இடத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது உள் ஆழம். ஜாக்கின் உடல் சுமார் 12 மி.மீ. என்றால், 3.5 மி.மீ. பின்னின் தண்டு 14 மி.மீ. பின்பக்கம் திறந்த ஜாக்கில் பின்னின் நுனி 2 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது டிரைவரின் உலோகச் சட்டத்தில் தொட்டால் ஷார்ட். குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணைச் சின்ன உருண்டையாக ஜாக் வரப்போகும் இடத்தில் வைத்து, தட்டை மூடி அழுத்தித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் உயரமே கிடைக்கும் இடம். இங்கே 17 மி.மீ. கிடைத்தது, பின்னின் நுனியோடு சேர்த்தும் 3 மி.மீ. மிச்சம்.

இரண்டாவது, வெளியே பின் போய்வரும் பாதை. கப்பைத் தாங்கும் கவட்டைப் பிடி ஆடும்போது பின்னின் பிளாஸ்டிக் கழுத்தில் இடிக்கக் கூடாது. தடித்த கழுத்துள்ள ஆக்ஸ் பின் ஒன்றை அந்த இடத்தில் கையால் பிடித்து, கப்பை முழுக்க ஆட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். ஜாக்கைக் கப்பின் அடியில், கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்த திசையில் வைத்தால் வயர் தோளில் மோதாமல் தொங்கும்.

மூன்றாவது பழைய துளை. அதையே பயன்படுத்துவதுதான் சிறந்தது. புதுத் துளை போட்டால் பழையதை அடைத்தே ஆக வேண்டும். இங்கே ரப்பர் கழுத்து இருந்த துளை ஏறக்குறைய 5-க்கு 8 மி.மீ. நீள்வட்டம். ஜாக்கின் நட்டு அதை முழுக்க மூடாது. சாய்ந்து உட்கார்ந்து, நாளடைவில் ஆடும். அதனால் துளையை எம்-சீல் வைத்து உள்ளும் புறமும் அடைத்து, ஒரு ராத்திரி இறுகவிட்டு, அதிலேயே புதிதாக 6 மி.மீ. துளை போடப்பட்டது. எம்-சீல் பிடிக்க, துளையின் ஓரத்தை முன்னதாக உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழ பிளாஸ்டிக்கில் அது ஒட்டினாற்போல் இருந்து, நட்டை இறுக்கும்போது மொத்தமாகக் கழன்று வரும்.

துளை

டிரைவர் தட்டைத் தனியே ஒதுக்கி, துணியில் சுற்றி, அந்த மேஜையை விட்டே அப்பால் வைப்பது கட்டாயம். டிரைவரில் வலுவான காந்தம் இருக்கிறது. அரத்திலிருந்தோ டிரில் பிட்டிலிருந்தோ வரும் இரும்புத் துகள் ஒன்று டிரைவரின் காயில் (கம்பிச் சுருள்) அசையும் இடைவெளிக்குள் போனால், பேஸ் (தாழ்ந்த ஒலி) வரும்போதெல்லாம் கரகரவென்று உரசும். எடுக்க வழி கிடையாது. தட்டைப் பிரிக்க முடியாதபடி கம்பி குட்டையாக இருந்தால், டிரைவரை நெகிழிப் பையில் போட்டு வாயை டேப்பால் ஒட்டிவிடலாம்.

மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுப்புள்ளி குறித்து, முதலில் 2 மி.மீ. பிட். பிறகு 3, 4.5, கடைசியாக 6. மெஷினை வேகமாக ஓட்டினால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகும். உருகியது பிட்டில் சுற்றிக்கொண்டு துளையைக் கோணலாக்கும். கடைசிப் பிட்டைக் கையால் திருகுவதே போதுமானது, துளையும் வட்டமாக வரும். ஜாக் கொஞ்சம் இறுக்கமாகப் போனால் நல்லது. லொடலொடவென்றால் நட்டு எவ்வளவு இறுகினாலும் ஒருநாள் சுழல ஆரம்பிக்கும்.

ஈயம்

போர்டிலிருந்து பழைய வயரை எடுப்பதற்கு முன், மூன்று முனையையும் ஜோடி ஜோடியாக அளந்துகொள்ளுங்கள். எந்த ஜோடி 64 காட்டுகிறதோ அது இடதும் வலதும். மிச்சம் இருப்பது கிரவுண்டு. கலரை நம்பாதீர்கள். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்டு; ஆனால் மாற்றிப் போடும் கம்பெனிகளும் உண்டு. இடது எது, வலது எது என்று பிரிக்கவும் மீட்டரே உதவும்: ஓம் ரேஞ்சில் முனையைத் தொட்டு எடுக்கும்போது அந்தப் பக்க டிரைவரில் மெல்லிய 'டிக்' கேட்கும்.

25 வாட் அயர்ன், 0.8 மி.மீ. 63/37 ஈயம், ரோசின் ஃப்ளக்ஸ். ஜாக்கிலிருந்து போர்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ரிப்பன் கேபிளின் மூன்று இழை, 6 செ.மீ. நீளம் போதும். மெலிதானது, கலைந்து போகாது, தட்டை மூடும்போது மடங்கிக்கொடுக்கும். ஜாக்கின் காலில் ஈயம் வைக்கும்போது ஒரு பின்னை உள்ளே செருகியே வைத்திருங்கள்; சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் தொடர்பு இதழ்கள் இடம் மாறாமல் பின் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது. மூன்று காலுக்கும் ஒன்றோடொன்று தொடாமல் மூடும் தனித்தனி ஸ்லீவ்.

போர்டு இல்லாத மாடல்களில் கம்பி நேராக டிரைவர் முனைக்குப் போகும். அங்கே ஈயத்தை எடுக்கப் போனால், முடியைவிட மெல்லிய காயில் கம்பியும் அதே இடத்தில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கும். கழன்றால் டிரைவர் முடிந்தது. அதைத் தொடாமல், பழைய வயரின் 4 செ.மீ. துண்டை உள்ளேயே விட்டு, அதோடு ஜாக் கம்பியை இணைப்பதே பத்திரம்.

பழைய 3 மீட்டர் வயரையும் வீணாக்கவில்லை. கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, அந்த முனையில் புது 3.5 பின் போடப்பட்டது. இந்த வயர்களின் உள்ளிழை இனாமல் பூசியது. நைலான் நூலும் கலந்திருக்கும். நூலை வெட்டிவிட்டு, அயர்ன் நுனியில் ஈயத்தைச் சின்னக் குமிழாக நிறுத்தி, இழையை அதற்குள் சில விநாடி வைத்தால் பூச்சு எரிந்து ஈயம் ஏறும். புகை நல்லதல்ல, ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும். செம்பு நிறத்தில் இரண்டு இழை வந்தால் இரண்டும் கிரவுண்டுதான், சேர்த்து முறுக்கிவிடலாம். பின்னின் மூடியை வயரில் கோத்துவிட்டு ஈயம் வைக்க வேண்டும். பிறகு கோக்க முடியாது.

காற்றுக் கசிவு

ஜாக்கை நட்டு போட்டு இறுக்கி, மீட்டர் மூன்று எண்ணையும் சரியாகக் காட்டிய பிறகும் வேலை முடியவில்லை. 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைப் போட்டதில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இடது பக்கம் வலதைவிடத் தெளிவாக இளைத்திருந்தது. சாதாரணப் பாட்டில் தவில் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது போல மட்டும் படும். எடிட் செய்கிறவர் அதை நம்பி இடது சேனலை ஏற்றிவிடுவார். அதனால் இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

மூடிய கப்பில் டிரைவருக்குப் பின்னால் அடைபட்ட காற்றும் ஒலியின் ஒரு பகுதி. அதில் ஓட்டை விழுந்தால் முதலில் போவது பேஸ். நட்டைச் சுற்றிக் கசிவு இல்லை. கசிந்தது ஜாக்கின் வழியாகவே. பின்பக்கம் திறந்த ஜாக்கில் தொடர்பு இதழ்களுக்கு நடுவே காற்று தாராளமாகப் போய்வரும். சந்தேகம் வந்தால் உறுதி செய்வது எளிது: ஜாக்கின் உட்புறத்தைத் தற்காலிகமாகக் கலர் களிமண்ணால் மூடித் தட்டைப் பொருத்திக் கேட்டால், பேஸ் திரும்பி வந்துவிடும். இங்கே வந்தது.

நிரந்தர அடைப்புக்கு, ஜாக்கில் பின்னைச் செருகி, ஜாக் உடலைச் சுற்றியும் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிமேலும் மெல்லிய டேப்பைத் தளர்வாகச் சுற்றி, அதன்மேல் எம்-சீலைத் தொப்பி போல மூட வேண்டும். டேப் இல்லாமல் நேராகப் பூசினால் இதழ்களுக்குள் போய் இறுகி, ஜாக்கே பாழ். அந்தத் தொப்பி கப் சுவரையும் கவ்விக்கொள்ளுமாறு வைத்தால் ஜாக் சுழலாமலும் நிற்கும். பின்பக்கம் மூடிய ஜாக்கைத் தேடி வாங்கச் சொன்னது இந்த ஒரு வேலையை மிச்சப்படுத்தத்தான்.

க்ளூ கன் பசையை இதற்குப் பரிந்துரைக்க மாட்டோம். மதுரையில் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரி தொடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவந்தால் அந்தப் பசை இளகி, ஜாக் உள்ளே நழுவும். உடனே ஒட்டும் திரவப் பசையும் வேண்டாம்: அதன் ஆவி வெள்ளையாகப் படியும், திரவம் ஜாக்குக்குள் ஓடும்.

கடைசிச் சோதனை

மூடிய பிறகு வயரைச் செருகி, மறுமுனைப் பின்னில் மறுபடி மூன்று அளவு. 64 வேறு ஜோடியில் வந்தால் கிரவுண்டு மாறியிருக்கிறது. உதாரணமாகக் கிரவுண்டும் இடதும் மாறினால் நுனி-அடி 32, நுனி-வளையம் 32, வளையம்-அடி 64 வரும். இரண்டு சேனலிலும் ஒரே ஒலி போட்டால் வலது பக்கம் மௌனமாகிவிடும். பிறகு பின்னைச் செருகியபடியே சுழற்றிப் பாருங்கள். அளவு ஓரிரு ஓம் தாவினால் ஜாக்கின் இதழ் தளர்ந்தது, மாற்ற வேண்டியதுதான். நல்ல ஜாக்கின் தொடர்புத் தடை 0.03 ஓம் அளவில்தான் இருக்கும். அதனால் ஒலியில் எதுவும் குறையாது. அந்தத் தடை நிலையில்லாமல் ஆடுவதுதான் கரகரப்பு. கடைசியாக வயரை வெடுக்கென்று இழுத்தால் பின் கழன்று வர வேண்டும், ஜாக் அசையக் கூடாது. கடையில் இந்த ஹெட்போனுக்கு நேர்ந்ததும் நேரப்போவதும் இதுதான் என்பதால், இழுத்துப் பார்க்கத் தயங்கக் கூடாது.

மாற்று வயர் வாங்கும்போது பின்னில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள மூன்று துண்டு வகையாகப் பார்க்க வேண்டும். மூன்று கோடு உள்ளது மைக் வைத்த வகை. அதைப் போட்டால் இந்த ஜாக்கின் கிரவுண்டு மைக் கம்பியைத் தொட்டு, குரல் தேய்ந்த அந்தக் குகைச் சத்தம் திரும்ப வரலாம். கப் பக்கம் நேர் பின்னைவிட எல் வடிவப் பின் நல்லது, மேஜையில் இடிபட்டாலும் ஜாக்கை நெம்பாது. வியர்வையின் உப்பு பின்னில் படிந்து கறுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் மாதம் ஒருமுறை பின்னைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகினால் போதும். ஜாக்குக்குள் எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடிக்க வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.